மலைக்கு ஒரு சோடி ஸ்கீ

போன மாசி மாதம் பேர்ணடெற் அக்கா என்னைப் பதினொரு முறை பனிக்குள்ளிருந்து தோண்டி எடுத்தார். என்னை என்பதைவிட என் வண்டியை என்று சொல்வதுதான் சரி. பிரிட்டிஷ் கொலம்பியாவின் மலைகளில், இடுப்பளவு புதுப்பனியில், மற்றவர்களுடைய ஸ்னோமொபைல்கள் மிதந்துகொண்டு போக, என்னுடையது மட்டும் மூக்கைக் குத்திப் புதைந்துவிடும். பதினோராவது முறை அக்கா பனி அள்ளும் சவளை ஊன்றியபடி நின்று மூச்சு வாங்கினார்.

"நிரூபா, நான் ட்ரக் ஓடுறவள். கிடங்கு வெட்டுறவள் இல்லை. வாற வருசத்துக்கிடையிலை உந்த ஸ்கீ ரெண்டையும் மாத்து. மாத்தாட்டி உன்ரை மிசின் என்ரை ட்ரெயிலரிலை ஏறாது."

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வருடம் முழுவதும் நெடுஞ்சாலைகளில் பெரிய ட்ரக் ஓட்டுகிறவர். மாசியில் மட்டும் இரண்டு வாரம் விடுமுறை எடுத்து, தன் சொந்த பிக்கப்பின் பின்னால் ட்ரெயிலரைக் கொளுவிக்கொண்டு, நான்கு நாள் ஓடி மலைக்குப் போவார். ட்ரெயிலரில் நான்கு வண்டிகளுக்குத்தான் இடம். மூன்று இடம் எப்போதோ நிரம்பிவிட்டது. நான்காவது என்னுடையது, அல்லது என்னுடையதாக இருந்தது.

எனக்கு நாற்பத்தேழு வயது. ஒன்ராறியோவில், மார்க்கம் நகரில், மூக்குக்கண்ணாடிகளுக்கு வில்லை தேய்க்கும் இடத்தில் வேலை. வீட்டில் புத்தகம் வாசிப்பேன். அதிகம் பேசமாட்டேன். இப்படி ஒருத்திக்கு இரைச்சல் போடும் ஸ்னோமொபைலில் என்ன மோகம் என்று உறவினர்கள் கேட்டிருக்கிறார்கள். முதல்முறை அக்கா என்னை ஒரு வாடகை வண்டியில் மலையுச்சிக்குக் கூட்டிப்போய், இயந்திரத்தை நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன். அதுவரை நான் அமைதி என்று நினைத்திருந்ததெல்லாம் குளிர்சாதனப் பெட்டியின் முனகல், பக்கத்து வீட்டுக் கதவு, தூரத்து நெடுஞ்சாலை ஆகியவற்றின் கலவைதான் என்று அன்றைக்குத் தெரிந்தது. திரும்பி வந்து மூன்று மாதத்தில் வண்டி வாங்கிவிட்டேன்.

பழைய வண்டி. விட்பியில் ஒருவர் விற்றது. மலைக்கென்று செய்யப்பட்டதுதான், பின்னால் சக்கரத்துக்குப் பதிலாகச் சுழலும் நீண்ட பெல்ற், முன்னால் ஒடுங்கிய இடைவெளியில் பனியில் வழுக்கும் பலகைகளாக இரண்டு ஸ்கீகள். ஆனால் விற்றவர் ஒன்ராறியோவின் இறுகிய பாதைகளில் ஓடுவதற்காக அதன் ஸ்கீகளைக் கழற்றிவிட்டு ஒடுக்கமான வேறு சோடியைப் பூட்டியிருந்தார். இறுகிய பாதையில் அது கத்திபோலப் பிடித்து ஓடும். இளகிய பனியில் அதே கத்திபோலக் கீழே இறங்கும்.

ஆகவே புதிய சோடி வேண்டும். மார்கழி முழுவதும் அதையே வாசித்தேன். வேலை முடிந்து மில்லிக்கனில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து, சாப்பாட்டு மேசையில் கணினியை வைத்துக்கொண்டு, முன்பின் தெரியாத மனிதர்கள் ஸ்கீகளைப் பற்றி எழுதிய சண்டைகளை வாசிப்பேன். ஒருவர் அகலம்தான் எல்லாம் என்பார். இன்னொருவர் அகலமானது சரிவில் வழுக்கிக் கொண்டுபோய் மரத்தில் மோதவிடும் என்பார். இருவரும் தங்களுடைய உயரத்தையும் நிறையையும் எழுதியிருப்பார்கள். என்னைப்போல ஐம்பது கிலோ என்று எழுதிய ஒருவரைக்கூட நான் காணவில்லை.

பேர்ணடெற் அக்காவிடம் கேட்டேன். "உன்ரை கை, உன்ரை தோள். நான் எப்பிடிச் சொல்லுறது? கலியாணம் கட்டேக்கை என்னட்டைக் கேட்டனியே?" என்றார்.

கட்டியவர் செல்வரட்ணம். விமான நிலையத்தின் சரக்குப் பிரிவில் வேலை. வேலைக்காக மிசிசாகாவுக்குப் போய்வரும் தூரம் முழுவதும் போனில் யாருடனாவது பேசிக்கொண்டே ஓட்டுவார். வீட்டுக்கு வந்தும் மிச்சத்தைப் பேசுவார். இருபத்துமூன்று வருடம் அவர் பேசினார், நான் கேட்டேன். இருவருக்கும் அது பிடித்திருந்தது. மலைப் பயணத்தைப் பற்றி மட்டும் அவர் ஒன்றும் பேசுவதில்லை. அந்தப் பேச்சு வந்தால் எழுந்து போய்த் தேநீர் போடுவார். பனிச்சரிவு பற்றிய இரண்டு நாள் பயிற்சிக்கு நான் போய்வந்த அன்று வீட்டில் நான்கு தடவை தேநீர் குடித்தோம்.

ஸ்கீ வாங்கும் கடைக்கு மட்டும் கூடவே வந்தார்.

விட்பியில் இருந்த ஸ்னோமொபைல் கடையில் உதிரிப்பாகப் பகுதியில் நின்றவர் ஒரு தமிழர். முப்பத்தைந்து வயதிருக்கும். சட்டையில் பிரவீனன் என்று பெயர் குத்தியிருந்தது. முதலில் செல்வரட்ணத்தைப் பார்த்துத்தான் பேசினார்.

"அங்கிள், எந்த மொடல்?"

"எனக்கில்லைத் தம்பி. உவவுக்கு."

பிரவீனன் என்னைப் பார்த்தார். என் கம்பளித் தொப்பியைப் பார்த்தார். "அன்ரி, சீரியஸா? மவுண்டன் ஸ்னோமொபைலா?"

"ஓம்."

"ஓ மை கோட். என்ரை அம்மா ட்ரைவ்வேயிலை நடக்கவே பயப்பிடுவா."

அவர் உள்ளே போய் மூன்று சோடிகளைக் கொண்டுவந்து தரையில் பரப்பினார். முதலாவது எட்டு அங்குல அகலம். இரண்டாவது ஆறு அங்குலம், அடியில் இரண்டு வரம்புகள். மூன்றாவது ஏழு அங்குலம். அடியில் நடுவாக நீளத்துக்கு ஓடும் ஒரே ஒரு வரம்பு, ஆனால் ஆழமானது. முதல் இரண்டும் கறுப்பு. மூன்றாவது கண்ணைப் பறிக்கும் றோசா நிறம்.

செல்வரட்ணம் உடனே எட்டு அங்குலத்தைத் தூக்கினார். "உதை எடும். பெரிசா எடுத்தால் பிறகு கவலை இல்லை."

"பிறகு எண்டால்?" என்றேன்.

"பிறகு... வருங்காலத்துக்கு. அட்சயாவுக்கு மூண்டாம் வகுப்பிலை வாங்கின ஜக்கெற்றை ஆறாம் வகுப்பு வரைக்கும் போட்டவள்தானே," என்று எங்கள் மகளைச் சாட்சிக்கு இழுத்தார்.

"அங்கிள், ஸ்கீ ஜக்கெற் இல்லை," என்றார் பிரவீனன். "அன்ரியும் இனி வளரமாட்டா."

"அப்ப நீர் எதைச் சொல்லுறீர்?"

"இஞ்சை சுத்திவர ஓடுறதெண்டா இந்த ரெண்டு வரம்புக்காரன். ஸ்ரெயிற்றா போகும். பஞ்சுமாதிரி பனியெண்டா எட்டு. ஏழு... அது கொஞ்சம் ஸ்பெஷல், அன்ரி. எல்லாருக்கும் சரிவராது."

நான் நிலத்தில் குந்தினேன். ஒவ்வொன்றையும் தூக்கிப் பார்த்தேன். நுனியைப் பிடித்துப் பக்கவாட்டில் சாய்த்துப் பார்த்தேன். பிறகு ஒன்றும் செய்யாமல் அப்படியே இருந்தேன். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. இருபது நிமிடம் என்று செல்வரட்ணம் பிற்பாடு எல்லோருக்கும் சொன்னார். பிரவீனன் பதறிப்போய், "அங்கிள், அன்ரி ஓக்கேயா?" என்று மெதுவாகக் கேட்டதும், "அவ யோசிக்கிறா. விடும். இதிலை பாதியை எங்கடை கலியாணத்துக்கு யோசிச்சிருந்தா நான் தப்பியிருப்பன்," என்று அவர் பதில் சொன்னதும் எங்கோ தூரத்தில் கேட்டன.

அந்தப் பதினொரு முறைகளையும் நான் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். நேராகப் போகும்போது இரண்டே இரண்டு முறைதான் புதைந்தேன். மற்ற ஒன்பதும் மலைச்சரிவைக் குறுக்காகக் கடக்கும்போது. அப்போது வண்டியை மலைப்பக்கமாகச் சாய்த்து, கிட்டத்தட்ட ஒரு ஸ்கீயில் மட்டும் நின்று ஓடவேண்டும். பழைய ஸ்கீ அந்த ஒற்றைக்காலில் தாழ்ந்துபோனது. எட்டு அங்குலம் தாழாது. ஆனால் பனியைப் பிடிக்கவும் பிடிக்காது, தட்டையான பாதம்போல வழுக்கும். அதைச் சாய்த்துப் பிடித்துவைக்க என் உடம்பில் இன்னொரு இருபது கிலோ வேண்டும். எனக்கு வேண்டியது நின்றால் மிதப்பதும், சாய்ந்தால் அந்த ஆழமான ஒற்றை வரம்பால் பிடிப்பதும்.

"றோசா," என்றேன்.

"கறுப்பு இல்லையோ தம்பி?" என்றார் செல்வரட்ணம்.

"ஏழிலை இந்தக் கலர் மட்டும்தான், அங்கிள். வேற ஆரும் வாங்கேல்லை."

தேவையான போல்ட்களும், ஸ்கீக்கும் வண்டியின் காலுக்கும் இடையில் இருக்கும் இரண்டு தடித்த றப்பர் கட்டைகளும், ஒரு வழிமுறைத் தாளும் சிறு பெட்டியில் வந்தன. அந்தத் தாளை செல்வரட்ணம் கடையிலேயே மடித்துப் பொக்கற்றுக்குள் வைத்துவிட்டார். அவர் வீட்டில் எந்த வழிமுறைத் தாளையும் வாசித்ததில்லை.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் கராஜுக்குள் போய், "நீர் போய் இரும், நான் பூட்டுறன்," என்றார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பயணத்தைப் பற்றிப் பேசாத மனிதர் அதற்கான ஸ்கீயைப் பூட்டுகிறார். கதவுக்கு அந்தப் பக்கம் அவர் போனில் யாருக்கோ அதை விளக்கிக்கொண்டே போல்ட் சாவி திருகும் சத்தம் கேட்டது. ஒரு மணித்தியாலத்தில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"ஒண்டு சொல்லுறன். சனிக்கிழமை முதல் கோயில். வாகனப் பூசை செய்யாமல் எங்கடை வீட்டிலை ஒரு வாகனமும் தெருவுக்கு இறங்கினதில்லை. இதை மட்டும் போன வருசம் மறந்திட்டம். இது மலைக்குப் போறது."

மறுக்க எனக்கு மனம் வரவில்லை.

பேர்ணடெற் அக்கா சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு ட்ரெயிலருடன் வந்தார். திட்டம் இதுதான்: முதலில் கோயில், அங்கிருந்து நேரே அக்ஸ்பிரிட்ஜுக்கு வடக்கே அவருடைய நண்பர் ஒருவரின் பண்ணை. வியாழன் வீசிய புயலில் அங்கே தொடையளவு பனி விழுந்திருந்தது. பரீட்சை அங்கே. அடுத்த வெள்ளி பயணம்.

றோசா ஸ்கீகளைக் கண்டதும் அக்கா இடுப்பில் கை வைத்தார். "என்னடி இது? மலைக்கோ போறாய், பொம்பிளை அழைப்புக்கோ?"

"மிதக்கும்," என்றேன்.

"மிதக்கட்டும். பண்ணையிலை ஒரு சரிவு இருக்கு. மூண்டு தரம் குறுக்காலை கடந்து காட்டு. ஒருக்கா மூக்குக் குத்தினாலும் திருப்பி வீட்டுக்குக் கொண்டுபோ. நாலாவது இடத்துக்கு ஓஷவாவிலை ஒருத்தி காத்துக்கொண்டிருக்கிறாள்."

செல்வரட்ணம் காரை எடுக்கப் போனார்.

கோயில் வாகனத் தரிப்பிடத்தின் ஒரு மூலையில் பனி வழிக்காமல் இறுகிக் கிடந்தது. அங்கே வண்டியை இறக்கினோம். ஐயர் வேட்டிக்கு மேல் முழங்கால் வரை நீண்ட ஜக்கெற்றும், காலில் பனிச் சப்பாத்துமாக, தாம்பாளத்தில், சில்லுகளுக்கு அடியில் நசிக்க, நான்கு தேசிக்காய்களுடன் வந்தார். வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தார்.

"சில்லு எங்கை?"

"சில்லு இல்லை ஐயா. முன்னுக்கு ஸ்கீ, பின்னுக்கு பெல்ற்," என்றார் செல்வரட்ணம்.

ஐயர் சற்று யோசித்தார். "அப்ப ரெண்டு காணும். மற்ற ரெண்டையும் ஆரும் தேத்தண்ணிக்கு விடுங்கோ," என்று மிஞ்சியதைப் பேர்ணடெற் அக்காவின் கையில் கொடுத்தார். கழுத்தில் சிலுவையுடன் நின்ற அக்கா அவற்றை மரியாதையாக வாங்கி ஜக்கெற்றுக்குள் வைத்தார்.

ஐயர் கைப்பிடிக்கு மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டினார். பூசைக்கு வந்த பத்துப் பதினைந்து பேர் குளிரில் கைகளைத் தேய்த்தபடி வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள். ஐயர் ஒவ்வொரு ஸ்கீயின் முன்னாலும் ஒரு தேசிக்காயை வைத்து, "மெல்ல எடுங்கோ பிள்ளை," என்றார்.

நான் ஏறி, இயந்திரத்தை முடுக்கி, ஓரடி நகர்த்தினேன். இடப்பக்கம் சத்தமில்லாமல் நசிந்தது. வலப்பக்கத் தேசிக்காய் நசியவில்லை. ஸ்கீ அதைத் தள்ளிக்கொண்டு போனது.

ஐயர் எடுத்துத் திரும்ப வைத்தார். மறுபடியும் தள்ளியது. மூன்றாம் முறையும் அப்படியே.

கூட்டத்தில் ஒரு அம்மா, "நசியாட்டிச் சரியில்லையாம்," என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார். மெதுவாகச் சொல்வதாகத்தான் அவர் நினைத்திருப்பார். செல்வரட்ணத்தின் முகம் வெளுத்துப்போனது. "நிரூபா, இந்த வருசம் விடுவமோ?" என்றார். பல மாதங்களாகத் தேநீர் போட்டுப் போட்டு அவர் அடக்கிவைத்த வசனம் அது.

"உதுக்குப் போய் ஏன் தம்பி?" என்று ஐயர் இடையில் வந்தார். "ரெண்டுபேர் முன்பக்கத்தைத் தூக்குங்கோ. அடியிலை வைச்சு இறக்கினால் நசியத்தானே வேணும்."

அக்காவும் செல்வரட்ணமும் வண்டியின் முன்கம்பியைப் பிடித்துத் தூக்கினார்கள். தேசிக்காயுடன் நான் பனியில் முழந்தாளிட்டேன். என் கண்ணுக்கு நேரே இரண்டு ஸ்கீகளும் தொங்கின. இடப்பக்க ஸ்கீயின் நுனி மேலே வானத்தைப் பார்த்தது. வலப்பக்கத்தின் நுனி நிலத்தைப் பார்த்தது.

இன்னும் குனிந்தேன். றப்பர் கட்டையின் ஒரு முனை தடிப்பு, மறுமுனை மெல்லியது. இடப்பக்கத்தில் இருந்ததும் வலப்பக்கத்தில் இருந்ததும் எதிர் எதிராக இருந்தன. வலப்பக்க றப்பர் ஸ்கீயின் நுனியைக் கீழே அமுக்கிக்கொண்டிருந்தது. இந்த நிலையில் பண்ணையில் முதல் சரிவிலேயே மூக்குக் குத்தியிருப்பேன்.

"கெதியா வையடி, கை விடுது!" என்றார் அக்கா.

நான் வைக்கவில்லை. நிமிர்ந்து செல்வரட்ணத்தைப் பார்த்தேன். நான் போவது பிடிக்காத ஒருவர் பூட்டிய ஸ்கீ. அந்த எண்ணம் வந்ததை நான் மறைக்கப்போவதில்லை. என் மௌனத்தை இருபத்துமூன்று வருடமாக வாசிக்கிறவர் அதையும் வாசித்துவிட்டார்.

வண்டியை இறக்கிவிட்டு என் பக்கத்தில் வந்து குந்தினார். றப்பரைப் பார்த்தார். "நான் வேணுமெண்டு செய்யேல்லை, நிரூபா."

நான் றப்பரின் தடித்த முனையைத் தொட்டுக் காட்டினேன்.

"இடக்காலும் வலக்காலும் செருப்பு மாதிரி எதிர் எதிரா இருக்கவேணும் எண்டு நினைச்சன். உம்மேலை ஆணை." பொக்கற்றிலிருந்து மடித்த தாளை எடுத்து விரித்தார். முதல் படத்திலேயே றப்பர் இரண்டும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. "ஐயோ. உதைப் பாத்திருந்தால் உமக்கு... மலையிலை..." வலப்பக்க ஸ்கீயின் நுனியை வெறுங்கையாலேயே மேலே நிமிர்த்தப் பார்த்தார். வேண்டுமென்று செய்தவர் அப்படி நிமிர்த்தப் பார்க்கமாட்டார். நான் வெட்கப்பட்டேன்.

"தெரியும்," என்றேன். "வேணுமெண்டு செய்யிறதெண்டால் நீங்கள் அதை முதல் பத்துப்பேருக்குப் போனிலை சொல்லியிருப்பியள்."

பேர்ணடெற் அக்காதான் முதலில் சிரித்தார். அவருடைய சிரிப்புக்கு ட்ரக்கின் ஹோர்ன் சத்தம். பிறகு செல்வரட்ணமும் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அக்காவின் பிக்கப்பில் இல்லாத போல்ட் சாவி கிடையாது. ஒரு போல்ட் கழற்றி, றப்பரைத் திருப்பி, மீண்டும் பூட்டக் கால் மணித்தியாலம். இம்முறை நான் பூட்டினேன். செல்வரட்ணம் தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக உரத்து வாசித்தார், பரீட்சைக்குப் பாடமாக்குகிற பிள்ளைபோல. ஐயர் உள்ளே போகாமல் சூடான சக்கரைப் பொங்கலுடன் நின்றார். கூட்டமும் கலையவில்லை. நசியாட்டிச் சரியில்லை என்ற அந்த அம்மா, கைத்தொலைபேசியின் வெளிச்சத்தை ஸ்கீக்குக் கீழே பிடித்து, "இன்னும் கொஞ்சம் இறுக்குங்கோ பிள்ளை," என்றார்.

நான்காம் முறை இயந்திரத்தை முடுக்கினேன். தேசிக்காய் நசிந்து சாறு பனியில் தெறித்தது. யாரோ கை தட்டினார்கள். எல்லோரும் தட்டினார்கள். "பிள்ளையார் காட்டித் தந்திட்டார்," என்றார் ஐயர். றப்பர் பிழையென்றால் ஸ்கீ தள்ளத்தான் செய்யும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பனியில் என்னை முழந்தாளிட வைத்தது எது என்று யோசித்தால், ஐயரோடு வாதாட எனக்கு ஒன்றும் இல்லை.

பண்ணைக்குப் போய்ச் சேரப் பத்தரை மணி. வெயில் எறித்தது. ஓடையை நோக்கி இறங்கும் ஒரு நீண்ட சரிவு. அதன்மேல் எவருடைய கால்தடமும் இல்லாத பனி. அக்கா மேலே நின்று கையைக் காட்டினார்.

முதல் கடப்பில் நான் நடுங்கினேன், வண்டி நடுங்கவில்லை. வண்டியைச் சாய்த்தேன், மேற்பக்க ஸ்கீ பனிக்குள் ஒரு விரல் அளவு இறங்கி, பிடித்து, அங்கேயே நின்றது. என் தோளில் இழுவை இல்லை. மறுகரைக்குப் போனபின்தான் மூச்சு விட்டேன். இரண்டாவது கடப்பில் இன்னும் கீழே, பனி ஆழமான இடத்தால் எடுத்தேன். நுனி இரண்டும் மேலே வந்து வந்து, தண்ணீரில் வாத்துத் தலை தூக்குவதுபோல ஓடின. பனித்தூள் முகக்கண்ணாடியில் அடித்தது. நான் சத்தமாக ஏதோ கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியவில்லை. என் குரலை அவ்வளவு உரத்து நான் கேட்டதில்லை.

மூன்றாவது முறை கடந்து, திரும்பி, யாரும் கேட்காமலே நான்காவதும் கடந்தேன்.

மேலே வந்தபோது அக்கா வண்டியின் பக்கத்தில் வந்து நின்றார். என்னை இறங்கச் சொல்லிவிட்டுத் தானே ஏறி, வண்டியை ட்ரெயிலருக்கு ஓட்டிப்போய், முன்பக்க மூலையில் நிறுத்தினார். முதலில் ஏறி, கடைசியில் இறங்கும் இடம் அது.

"ஏனக்கா? வீட்டிலை இறக்க வேண்டாமோ?"

"வெள்ளிக்கிழமை திருப்பி ஏத்துறதுக்கு இப்ப ஏன் இறக்குவான்? இதிலையே கிடக்கட்டும். ஓஷவாக்காரிக்கு நான் சொல்லுறன்."

செல்வரட்ணம் ட்ரெயிலரில் ஏறி வண்டியைக் கட்டும் பட்டிகளை இறுக்கத் தொடங்கினார். ஒன்றை இறுக்கினார், இரண்டாவதை இறுக்கினார், முதலாவதைத் திரும்பப் பார்த்தார்.

"அக்கா, இன்னொரு பட்டி இருக்கோ?"

"தம்பி, இது வண்டி. யானை இல்லை."

"இருந்தால் தாங்கோவன்."

அக்கா கொடுத்தார். மூன்றாவதையும் கட்டிவிட்டு அவர் கீழே குதித்து, கையுறையைக் கழற்றி, என்னைப் பார்த்தார்.

"அங்கை மலையிலை போன் வேலை செய்யுமோ?"

"செய்யாது."

அவர் அதை யோசித்தார். வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, றோசா ஸ்கீகளை ஒருமுறை பார்த்தார்.

"நல்லதுதான்," என்றார் கடைசியில். "செய்தால் நான் அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கா போனிலை கூப்பிடுவன். நீர் வண்டியை ஓடுவீரோ, எனக்குப் பதில் சொல்லுவீரோ?"